பெட்ரோல் காரிலிருந்து எலெக்ட்ரிக்குக்கு மாறலாமா? முதலில் இரண்டு பில்லை எடுங்கள்

இவி, அதாவது எலெக்ட்ரிக் கார், வாங்கலாமா என்று யூடியூபில் தேடினால் ஒருவர் உடனே வாங்கு என்பார், அடுத்தவர் பேட்டரி போனால் நீ காலி என்று பயமுறுத்துவார். இரண்டு பேருக்கும் உங்கள் வீட்டு மீட்டர் பெட்டி எங்கே இருக்கிறது என்று தெரியாது. அதனால் ரிவ்யூவை எல்லாம் ஓரமாக வைத்துவிட்டு, கடைசி ஈபி பில்லையும், ஒரு மாதம் பெட்ரோல் பங்கில் கொடுத்த பணத்தின் கணக்கையும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். தமிழ்நாட்டில் இருப்பவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன், மற்ற மாநிலங்களில் மின்கட்டணமும் வரியும் வேறு.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி: ராத்திரி கார் எங்கே நிற்கிறது? தனி வீடு, கேட்டுக்குள் நிறுத்த இடம் இருக்கிறது என்றால் மேலே படியுங்கள். தெருவில் நிறுத்துகிறீர்கள், மாடி வீட்டிலிருந்து ஒயர் தொங்கவிட்டுத்தான் சார்ஜ் போட வேண்டும் என்றால் இப்போதைக்கு வேண்டாம். வெளியே ஃபாஸ்ட் சார்ஜரை மட்டும் நம்பி இவி ஓட்டலாம், ஓட்டுபவர்களும் இருக்கிறார்கள், ஆனால் அங்கே வரியோடு சேர்த்து யூனிட்டுக்கு 20 ரூபாய், சில இடங்களில் அதற்கும் மேல் ஆகிறது. வாரத்தில் இரண்டு நாள் அங்கே போய்க் காத்திருக்கவும் வேண்டும், லாபத்தில் மூன்றில் ஒரு பங்காவது அங்கேயே போய்விடும். அபார்ட்மென்ட் என்றால் புக்கிங் தொகை கட்டுவதற்கு முன் அசோசியேஷனிடம் பேசி, எழுத்தில் வாங்குங்கள். மத்திய மின்துறை 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், சொந்த பார்க்கிங்கில் சார்ஜர் வைத்துக்கொள்ள, இருக்கும் இணைப்பிலிருந்தோ தனி இணைப்பு வாங்கியோ, வழி சொல்லியிருக்கிறார்கள். அதை பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனால் பேச்சு கொஞ்சம் சீக்கிரம் முடியும். செக்ரெட்டரி "பார்க்கலாம் சார்" என்று சொன்னதை மட்டும் நம்பி யாரும் கார் வாங்காதீர்கள்.

சரி, சார்ஜ் போட இடம் இருக்கிறது. இனி கணக்கு.

மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள், ஊருக்குள் லிட்டருக்கு 14 கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோல் லிட்டர் 101 ரூபாய் என்று போட்டால் மாதம் 7,200 ரூபாய், அதாவது கிலோமீட்டருக்கு ஏழு ரூபாய் சொச்சம். டாடா நெக்சான் அளவுள்ள ஒரு இவி, சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்தால், மீட்டரில் ஓடும் ஒரு யூனிட்டுக்கு ஆறு கிலோமீட்டர் போகும். அப்படியானால் மாதம் 165 யூனிட், இரண்டு மாத பில்லில் 330.

ஷோரூமில் சொல்லாத இடம் இங்கேதான் வருகிறது. நம் ஊர் ஈபி பில் படி படியாக ஏறும். இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டாதவருக்கு 101-லிருந்து 200 வரை மலிவான ஒரு ரேட் உண்டு. தாண்டிவிட்டால் அந்த மலிவு ரேட்டும் போய்விடும், 500-க்கு மேல் உள்ள யூனிட் எட்டு ரூபாயைத் தாண்டும், 600-க்கு மேல் ஒன்பதையும் தாண்டும். ஏற்கனவே 400 யூனிட் ஓடும் வீட்டில் கார் வந்தால் 730 ஆகும், பில் 3,000 ரூபாய் போல கூடும். அதைக் கார் ஓடிய 2,000 கிலோமீட்டரால் வகுத்தால் ஒன்றரை ரூபாய். விற்பவர் சொல்லும் "கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் கூட ஆகாது" என்பது வெறும் 150 யூனிட் ஓடும் வீட்டுக்குப் பொருந்தலாம், இரண்டு ஏசி ஓடும் வீட்டுக்குப் பொருந்தாது. கூரையில் சோலார் போட்டவர்களுக்குக் கதையே வேறு. 3 கிலோவாட் போட்டால் மத்திய அரசு மானியம் 78,000 ரூபாய் வருகிறது, இரண்டையும் சேர்த்தே யோசிக்கலாம்.

ஆக ஏழு எங்கே, ஒன்றரை எங்கே. மாதம் 1,000 கிலோமீட்டருக்கு 5,700 ரூபாய் மிச்சம், வருடத்துக்கு 68,000. மாதம் 400 கிலோமீட்டர்தான் ஓட்டுகிறீர்கள் என்றால் வருடத்துக்கு 27,000 மட்டும்.

இப்போது உங்களையே கேட்டுக்கொள்ள வேண்டியது: எப்படியும் புது கார் வாங்கும் நேரமா, அல்லது நன்றாக ஓடும் காரை விற்றுவிட்டு மாறுகிறீர்களா? நிறைய பேர் இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். பழைய கார் நான்கு லட்சத்துக்குப் போகிறது, இவி ஆன்ரோடு 14 லட்சம், மீதி 10 லட்சத்தை 9 சதவீத வட்டியில் ஐந்து வருட லோன் போட்டால், முதல் வருட வட்டி மட்டுமே 80,000 ரூபாயைத் தாண்டும். மிச்சம் பிடித்த 68,000 வட்டிக்கே பத்தவில்லை. ஆகவே ஐந்தாறு வயதான, தொந்தரவு தராத பெட்ரோல் காரை வைத்திருப்பவர் பணத்துக்காக மாறுகிறேன் என்று சொல்லக் கூடாது. ஓட்ட நன்றாக இருக்கிறது, புகை இல்லை, பிடித்திருக்கிறது, அதனால் மாறுகிறேன் என்று சொன்னால் அது நியாயம், யாரும் கேள்வி கேட்க முடியாது.

எப்படியும் புதுசு வாங்கப்போகிறவருக்குக் கணக்கு நேர்மாறு. அவர் பார்க்க வேண்டியது அதே அளவு பெட்ரோல் ஆட்டோமேட்டிக்குக்கும் இவிக்கும் உள்ள ஆன்ரோடு வித்தியாசத்தை மட்டும்தான். இந்த வித்தியாசம் 2025 செப்டம்பரில் கொஞ்சம் கூடியது, ஏனென்றால் சின்ன பெட்ரோல் காருக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது, இவிக்கு முன்பிருந்த அதே 5 சதவீதம். மறுபக்கம், தமிழ்நாட்டில் இவிக்கு சாலை வரி விலக்கு கொடுத்து வருகிறார்கள், அது காலக்கெடு போட்டு நீட்டிக்கப்படுவது, நீங்கள் பதிவு செய்யும் தேதியில் இருக்கிறதா என்று ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் அது லட்சக்கணக்கில் வரும் தொகை. வித்தியாசம் மூன்று லட்சம், மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டம் என்றால் நாலரை வருடத்தில் ஈடாகிவிடும். மாதம் 400 என்றால் பதினோரு வருடம், வேண்டாம்.

இவி லோன் வட்டிக்கு ஒன்றரை லட்சம் வரை வருமான வரிக் கழிவு உண்டு என்று யாராவது சொன்னால், அந்த 80இஇபி பிரிவு 2023 மார்ச் 31-க்குள் அனுமதியான லோனுக்குத்தான்.

பேட்டரியை வாடகைக்கு எடுக்கும் திட்டத்தில் விலை கவர்ச்சியாகத் தெரியும். எம்ஜி வின்ட்சர் 2024-ல் வந்தபோது பேட்டரி இல்லாமல் 9.99 லட்சம், பேட்டரிக்குக் கிலோமீட்டருக்கு 3.50 ரூபாய் என்றார்கள். கரன்ட் ஒன்றரையும் சேர்த்தால் ஐந்து ரூபாய். பெட்ரோலோடு வித்தியாசம் வெறும் இரண்டு ரூபாய்தான், அதிகம் ஓட்டுபவருக்குக் கையைக் கடிக்கும், குறைவாக ஓட்டுபவர் மாதக் குறைந்தபட்சக் கட்டணம் ஏதும் இருக்கிறதா என்று ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டும்.

ரேஞ்ச் விஷயத்தில் விளம்பரத்தில் உள்ள எண்ணை 0.7-ஆல் பெருக்குங்கள். 45 கிலோவாட்-ஹவர் பேட்டரி உள்ள நெக்சானுக்கு 489 கிலோமீட்டர் என்று போட்டிருப்பார்கள், 340 என்று எடுத்துக்கொள்ளுங்கள். நெடுஞ்சாலையில் 100-ல் ஓட்டினால், அதிலும் 80 சதவீதத்திலிருந்து 10 சதவீதம் வரைதான் பயன்படுத்துவீர்கள் என்பதால், இரண்டு நிறுத்தங்களுக்கு இடையில் 240 கிலோமீட்டர். சென்னையிலிருந்து திருச்சி 330, வீட்டிலிருந்து முழு சார்ஜோடு கிளம்பினால் நடுவே ஒரு நிறுத்தம், சாப்பிடும் நேரத்தில் முடிந்துவிடும், பிரச்சினை இல்லை. ஆனால் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் எல்லோரும் ஒரே ராத்திரியில் கிளம்பும்போது விக்கிரவாண்டி, உளுந்தூர்பேட்டை பக்கம் சார்ஜரில் உங்களுக்கு முன்னால் இரண்டு கார் நின்றால் இரண்டு மணி நேரம் போயிற்று. நீங்கள் அடிக்கடி போகும் ஊர் வழியை ஜியான், டாடா பவர், ஜியோ-பிபி ஆப்களில் போட்டுப் பாருங்கள், ஒரே இடத்தில் நாலைந்து சார்ஜர் உள்ள நிறுத்தம் வழியில் இருக்கிறதா என்பதுதான் முக்கியம், ஒற்றைச் சார்ஜரை நம்பிப் போகாதீர்கள். சொந்த ஊர் மெயின் ரோட்டிலிருந்து உள்ளே 40 கிலோமீட்டர் என்றால், அந்த வீட்டில் எர்த்திங் ஒழுங்காக உள்ள 16 ஆம்பியர் பிளக் பாயின்ட் இருக்கிறதா என்றும் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். எர்த்திங் சரியில்லை என்றால் கார் சார்ஜே எடுக்காது.

உங்கள் வீட்டிலும் மீட்டர் போர்டிலிருந்து தனி காப்பர் ஒயர், தனி எம்சிபி (லோடு மீறினால் தானாக விழும் சுவிட்ச்) போட வேண்டும். ஏசி பிளக்கில் சொருகி எட்டு பத்து மணி நேரம் ஓடவிட்டால் பழைய ஒயரிங் சூடேறும். 7.2 கிலோவாட் சார்ஜர் கேட்கிறீர்கள் என்றால் உங்கள் இணைப்பின் அனுமதிக்கப்பட்ட லோடு போதுமா என்று ஈபி ஆபீசில் முதலில் கேளுங்கள். தினமும் 40, 50 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு 3.3 கிலோவாட்டே ராத்திரியில் தாராளம்.

பேட்டரி பயத்தைப் பற்றி. பொதுவாக எட்டு வருடம் அல்லது 1.6 லட்சம் கிலோமீட்டர் வாரன்டி, சில கம்பெனிகள் ஆயுள் வாரன்டியே தருகின்றன, ஆனால் அது முதல் உரிமையாளருக்குத்தான். அதனால் விற்கும்போது வாங்குபவர் விலையை அடிப்பார், ஏழெட்டு வருடம் வைத்து ஓட்டும் எண்ணம் இல்லாதவர் வாங்க வேண்டாம். வெள்ளம் வேறு. 2023 மிக்ஜாம் புயலுக்கு வேளச்சேரிக்காரர்கள் கார்களை மேம்பாலத்தில் கொண்டுபோய் வரிசையாக நிறுத்தினார்களே, அந்த ஏரியாவில் இருப்பவர்கள் இவி என்றாலும் அதையே செய்ய வேண்டும். பேட்டரிக்குத் தண்ணீர் புகாது என்று சொல்லும் ஐபி67 தரம் என்றால் ஒரு மீட்டர் நீரில் அரை மணி நேரம், ராத்திரி முழுக்க இல்லை. இன்சூரன்ஸ் எடுக்கும்போது பேட்டரிக்கான ஆட்-ஆன் பாலிசியில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

கடைசியாகப் பழைய கார். டீலரின் எக்ஸ்சேஞ்ச் விலையைக் கேட்பதற்கு முன் வெளியே இரண்டு இடத்தில் விலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், வித்தியாசம் ஆச்சரியமாக இருக்கும். ஆர்சியில் 15 வருடம் முடிய இன்னும் இரண்டு மூன்று வருடம்தான் இருக்கிறது, நிறுத்த இடமும் இருக்கிறது என்றால் விற்காமல் ஊர்ப் பயணத்துக்கு அதையே வைத்துக்கொண்டு, ஊருக்குள் ஓட்ட டியாகோ இவி மாதிரி ஒரு சின்ன வண்டி எடுப்பது இன்னும் மலிவாக முடியும்.