ஸ்டார் ட்ரெக் எபிசோடுகளை விமர்சிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1966 செப்டம்பர் 8 அன்று அமெரிக்காவின் என்பிசி சானலில் தொடங்கிய விண்வெளி அறிவியல் புனைகதைத் தொடரான ‘ஸ்டார் ட்ரெக்’, மூன்று சீசன், 79 எபிசோடுகளோடு 1969 ஜூனில் முடிந்துவிட்டது. அவற்றைப் பற்றிய வாக்குவாதம் மட்டும் இன்னும் ஓயவில்லை. ரசனை வேறுபாட்டால் வரும் சண்டை நல்ல சண்டை. ஆளுக்கொரு பிரதியை, ஆளுக்கொரு வரிசையில் பார்த்துவிட்டு, ஒன்றையே பார்த்ததாக நினைத்து மோதுவதுதான் வீண்.

முதல் தவறு வரிசையில் தொடங்குகிறது. முதலில் ஒளிபரப்பானது ‘தி மேன் ட்ராப்’. ஆனால் தொடரை என்பிசிக்கு விற்பதற்காக 1965லேயே எடுத்த இரண்டாவது பைலட் (மாதிரி எபிசோட்), ‘வேர் நோ மேன் ஹேஸ் கான் பிஃபோர்’, செப்டம்பர் 22 அன்று மூன்றாவதாகத்தான் வந்தது. அதில் கப்பலின் வழக்கமான டாக்டர் மெக்காய் கிடையாது, பைப்பர் என்ற வேறொரு டாக்டர் இருக்கிறார். தகவல் தொடர்பு அதிகாரி உஹுராவும் இல்லை. சீருடை வேறு மாதிரி. கல்லறைக் கல்லில் கேப்டன் கிர்க்கின் பெயர் ‘ஜேம்ஸ் ஆர். கிர்க்’ என்று இருக்கும். பின்னால்தான் அது ‘டி’ ஆகிறது. இது தெரியாதவர், மூன்றாவது வாரத்திலேயே தொடர்ச்சியைக் கோட்டைவிட்டார்கள் என்று எழுதிவிடுகிறார். எந்த எபிசோடை எடுத்தாலும் படமாக்கிய வரிசை எண், ஒளிபரப்பான தேதி இரண்டையும் தலைப்பிலேயே குறித்துக்கொள்ளுங்கள். ஒரு பாத்திரம் வளர்ந்த விதத்தைப் பேச முதலாவது உதவும். அன்றைய பார்வையாளர் எதை எப்போது அறிந்தார் என்று பேச இரண்டாவது உதவும்.

அடுத்தது, எந்தப் பிரதி என்று சொல்லாமல் கிராஃபிக்ஸைப் புகழ்வதும் திட்டுவதும். 1967 அக்டோபர் 20 அன்று வந்த ‘தி டூம்ஸ்டே மெஷின்’ எபிசோடைப் பாருங்கள். அதில் சிதைந்து மிதக்கும் கான்ஸ்டலேஷன் கப்பல், கடையில் விற்ற ஏஎம்டி பிளாஸ்டிக் மாடல் கிட்டை ஒட்டி, அதைச் சேதப்படுத்தி எடுத்தது. கிட்டோடு வந்த, நாயகர்களின் கப்பலான எண்டர்பிரைஸின் 1701 என்ற எண் ஸ்டிக்கரை இடம் மாற்றி ஒட்டியதால்தான் அந்தக் கப்பலுக்கு 1017 என்ற எண் வந்தது. 2006இல் தொடங்கிய ரீமாஸ்டரில் இந்த விண்வெளி ஷாட்களை எல்லாம் கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸால் மாற்றிவிட்டார்கள். அதைப் பார்த்துவிட்டு, அந்தக் காலத்திலேயே என்ன துல்லியம் என்று வியந்தால், பாராட்டு போய்ச் சேர வேண்டியவருக்குச் சேராது. புளூ-ரேயில் பழைய ஷாட், புது ஷாட் இரண்டையும் தேர்ந்தெடுக்க வசதி உண்டு. விமர்சனம் எழுதப்போகிறவர் பழையதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஓடும் நேரத்தையும் கவனியுங்கள்: முழு எபிசோட் 50 நிமிடத்தை ஒட்டி வரும். 45 நிமிடத்துக்குள் முடிந்துவிட்டால், மறு ஒளிபரப்பில் விளம்பரத்துக்காக வெட்டிய பிரதியாக இருக்கலாம். வெட்டிய காட்சியைத் தேடித் ‘திரைக்கதையில் ஓட்டை’ என்று எழுதக் கூடாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த எபிசோடின் உயிர் விண்வெளி ஷாட்களில் இல்லை. குழுவினரைக் காப்பாற்றுவதாக நினைத்து மூன்றாவது கிரகத்தில் இறக்கிவிட்டு, அந்தக் கிரகமே அழிவதைத் தனியாகக் கப்பலில் இருந்து பார்த்தவர் கான்ஸ்டலேஷனின் தலைவர் டெக்கர். அங்கே மூன்றாவது கிரகமே இல்லையே என்று கிர்க் சொன்னதும் டெக்கராக நடித்த வில்லியம் விண்டமின் முகம் உடைவதைக் கவனிக்காமல், அரை பக்கத்துக்கு மாடல் கப்பலைப் பற்றி எழுதும் விமர்சனம் முக்கியமானதைத் தவறவிட்டுவிடுகிறது.

பெயர் பார்த்து எழுத்தாளரைப் புகழ்வது மூன்றாவது தவறு. இது பெரிய பெரிய ரசிகர்களையும் சறுக்க வைக்கிறது. ‘தி சிட்டி ஆன் தி எட்ஜ் ஆஃப் ஃபாரெவர்’ (1967 ஏப்ரல் 6) டைட்டிலில் இருப்பது ஹார்லன் எலிசன் பெயர் மட்டும். ஆனால் திரையில் வந்தது பலர் கை பட்டு மாறிய பிரதி, அதில் தொடரின் கதை ஆசிரியர் குழுவில் இருந்த டி.சி. ஃபொன்டானாவின் பங்கு பெரிது. கடந்த காலத்துக்குள் ஓடுபவர் எலிசனின் கதையில் போதைப்பொருள் விற்கும் பெக்வித் என்ற கப்பல் ஊழியர். திரையிலோ, தவறுதலாக மருந்து ஏறிப் புத்தி பேதலித்த மெக்காய். முடிவும் வேறு: வரலாறு மாறாமல் இருக்க இறந்தே ஆக வேண்டிய, கிர்க் காதலிக்கும் எடித் கீலரைக் காப்பாற்றப் பாயும் மெக்காயைக் கிர்க் பிடித்து நிறுத்துவது திரையில் வந்தது. எலிசனின் பிரதியில் கிர்க்கால் அந்த முடிவை எடுக்க முடிவதில்லை, அவருடைய துணை அதிகாரி ஸ்பாக்தான் செயல்படுகிறார். எழுத்தாளர் சங்க விருது எலிசனின் மூலப் பிரதிக்குக் கிடைத்தது. 1968இன் ஹியூகோ விருது ஒளிபரப்பான எபிசோடுக்கு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பி, ‘அந்த முடிவுக்காகத்தான் எலிசனுக்கு விருது’ என்று எழுதுவது இரண்டு தரப்புக்கும் அநியாயம். எழுத்தாளரைப் பற்றி ஒரு வரி எழுதுமுன், அந்த வரி எந்தப் பிரதியைப் பற்றியது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

தயாரிப்புச் சிக்கலைச் சாக்காக்குவதும் உண்டு. பின்னால் வந்த ஸ்டார் ட்ரெக் தொடரான ‘தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ இரண்டாவது சீசனின் கடைசி எபிசோட் ‘ஷேட்ஸ் ஆஃப் கிரே’ (1989). கப்பலின் துணைத் தலைவர் ரைக்கரைப் படுக்க வைத்து, பழைய எபிசோட் காட்சிகளைக் கோத்து ஒப்பேற்றியது அது. 1988இன் எழுத்தாளர் வேலைநிறுத்தம் அந்தச் சீசனையே குலைத்திருந்தது, பணமும் தீர்ந்திருந்தது, மூன்றே நாளில் எடுத்தார்கள். இதையெல்லாம் எழுதுங்கள், ஆனால் தனிப் பத்தியில். அதற்காக மதிப்பெண்ணைக் கூட்டாதீர்கள்.

ஸ்டார்டேட், அதாவது கதைக்குள் தேதியாகச் சொல்லும் எண்ணை வைத்து வாதாடுகிறவர்களுக்கு: முதல் தொடரில் அது ஏறக்குறைய இஷ்டத்துக்குப் போட்ட எண். அதைக் கொண்டு எது முன்னால், எது பின்னால் என்று நிரூபிக்க முடியாது. ‘நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ வந்த பிறகுதான் ஒழுங்கு வந்தது, 41153.7 என்றால் இரண்டாவது இலக்கமான 1 முதல் சீசனைக் குறிக்கும். ஒன்றின் விதியை மற்றதில் பொருத்த வேண்டாம்.

‘முதன்முதலில்’ என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். கிர்க்கும் உஹுராவும் முத்தமிடும் 1968 நவம்பர் எபிசோடை, தொலைக்காட்சியில் வெள்ளையர் ஒருவரும் கறுப்பினத்தவர் ஒருவரும் முத்தமிட்ட முதல் காட்சி என்று எழுதுகிறார்கள். பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் அதற்கு முன்பே வந்திருக்கிறது. போதாததற்கு, அந்த இருவரும் பிறருடைய மனோசக்தியால் கட்டாயப்படுத்தப்படுகிறார்கள் என்பதைச் சொல்லாமல் விட்டால் காட்சியின் பொருளே மாறிவிடும். வசனத்துக்கும் இதே கதைதான்: ‘பீம் மீ அப், ஸ்காட்டி’ என்று அதே சொற்களில் முதல் தொடரில் யாரும் சொல்வதில்லை. நினைவை நம்பாமல், நிமிடக் கணக்கோடு குறித்து மேற்கோள் காட்டுங்கள்.

கடைசியாக, இரண்டு பாக எபிசோடுகள். ‘நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ தொடரின் ‘தி பெஸ்ட் ஆஃப் போத் வேர்ல்ட்ஸ்’ முதல் பாகம் 1990 ஜூன் 18 அன்று, போர்க் என்ற எதிரிகள் பிடித்துத் தங்களில் ஒருவராக மாற்றிவிட்ட கேப்டன் பிக்கார்டை நோக்கிச் சுடச் சொல்லி ரைக்கர் ஆணையிடும் இடத்தில் நின்றது. இரண்டாம் பாகம் செப்டம்பர் 24இல்தான் வந்தது. முதல் பாகத்தை எழுதியபோது, அடுத்து என்ன நடக்கும் என்று எழுத்தாளர் மைக்கேல் பில்லருக்கே தெரியாது. இன்று இரண்டையும் ஒரே மூச்சில் பார்த்துவிட்டு, இரண்டாம் பாகத்தின் முடிவு சப்பென்று இருப்பதை வைத்து முதல் பாகத்தின் மதிப்பையும் குறைக்கிறார்கள். திரையில் ‘தொடரும்’ என்று வந்தவுடன் நிறுத்துங்கள். பிக்கார்ட் பிழைப்பாரா, ரைக்கர் செய்தது சரியா என்று அந்த நிமிடத்தில் தோன்றுவதை நாலு வரி எழுதி, மதிப்பெண்ணையும் போட்டுவிட்டு, அதன் பிறகு அடுத்ததை ஓடவிடுங்கள்.