பழைய ஃபைபர் படகின் வெடித்த ஜெல்கோட்டைச் சீரமைத்தல்

ஏலகிரியின் புங்கனூர் ஏரியில் ஓடுவது போன்ற மிதிபடகு ஒன்று பல கோடைகளை வெட்டவெளியில் கழித்திருந்தால், அதன் மேல் விரலைத் தேய்த்தவுடன் சுண்ணாம்பு போன்ற பொடி ஒட்டிக்கொள்ளும். ஜெல்கோட் என்பது படகின் வெளிப்புறத்தை மூடியிருக்கும், நிறம் கலந்த பாலியெஸ்டர் ரெசின் படலம். பெரும்பாலும் அரை மில்லிமீட்டர் கனம்தான் இருக்கும். வெயிலின் புற ஊதாக் கதிர் அதன் மேல்தோலைச் சிதைப்பதால் உதிரும் இப்பொடிக்குத் தேய்த்து மெருகிடுவதே போதும். வெடிப்பு அப்படியல்ல.

ஒரு புள்ளியிலிருந்து நட்சத்திரம் போல விரியும் வெடிப்பு, அடிபட்டதால் வந்தது. இருக்கையின் மூலையிலோ மிதிகட்டை பொருத்திய இடத்திலோ பல கோடுகள் இணையாக ஓடினால், அடியிலுள்ள கண்ணாடி இழை அடுக்கு வளைந்துகொடுக்கிறது என்று பொருள். அங்கே கட்டைவிரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். உள்வாங்கினால், உட்புறத்தைச் சுரண்டித் துடைத்து, சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள கண்ணாடி இழை மேட் இரண்டு அடுக்கைப் பாலியெஸ்டர் ரெசினில் ஒட்டி விறைப்பேற்றிய பிறகே வெளிப்புறத்தில் கை வைக்கலாம். இதைத் தவிர்த்துவிட்டு மேலே பூசுவது, அஸ்திவாரம் இறங்கிய சுவருக்கு வெள்ளையடிப்பதற்கு ஒப்பாகும்.

உப்புத்தாளை எடுப்பதற்கு முன்பே, சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து அசிட்டோனால் துடைத்துவிட வேண்டும். இல்லையேல் பழைய மெழுகு தேய்ப்பில் வெடிப்புக்குள் இறங்கிவிடும். மயிரிழை போன்ற வெடிப்புக்குள் கெட்டியான ஜெல்கோட் நுழையாது. ஆகவே கூரான சுரண்டியால் அதை 'வி' வடிவப் பள்ளமாக, வெடிப்பின் அடி தெரியும்வரை அகலப்படுத்த வேண்டும். ஓரங்களை 120 எண் தாளால் சொரசொரப்பாக்கி மீண்டும் துடைக்கலாம். பள்ளத்தில் எப்பாக்ஸி பட்டியை அடைக்கக் கூடாது. அதன்மேல் பாலியெஸ்டர் ஜெல்கோட் சரியாகப் பிடிக்காது.

கலவையில்தான் மிகுந்த கவனம் தேவை. ஜெல்கோட்டை இறுகச் செய்யும் ஹார்ட்னரும், அந்த இறுக்கத்தை விரைவுபடுத்தும் கோபால்ட் திரவமும் தனித்தனியாகத் தரப்பட்டால், கோபால்ட்டை முதலில் ஜெல்கோட்டில் முழுமையாகக் கலக்கிய பின்னரே ஹார்ட்னரைச் சேர்க்க வேண்டும். இவ்விரண்டும் நேரடியாகக் கலந்தால் தீப்பற்றும், வெடிக்கவும் கூடும். ஹார்ட்னர் கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம் என்பதால் கண்ணாடியும் கையுறையும் அவசியம். 100 கிராம் ஜெல்கோட்டுக்கு ஹார்ட்னர் ஏறத்தாழ 1.5 முதல் 2 கிராம்; கண்ணளவில் ஊற்றாமல் சிரிஞ்சால் அளப்பது நல்லது. வேலூரின் கத்திரி வெயிலில் கலவை கிண்ணத்திலேயே இறுகிவிடும். அதற்காக ஹார்ட்னரை 1 சதவீதத்துக்குக் கீழே குறைத்தால் பூச்சு கடைசிவரை முழுமையாக இறுகாது. விடியற்காலையில், நிழலில், 50 கிராம் அளவாகக் கலந்து வேலை செய்வதே சரியான வழி.

பள்ளத்தைச் சற்று மேடாக நிரப்பி, காற்றுக்குமிழி இல்லாமல் பாலியெஸ்டர் தாளால் மூட வேண்டும், ஏனெனில் காற்றுப்பட்ட ஜெல்கோட்டின் மேற்பரப்பு பிசுபிசுப்பாகவே நின்றுவிடும். மறுநாள் தாளை உரித்து, 400, 600, 1000 என்ற வரிசையில் வாட்டர் பேப்பரால் தண்ணீர் விட்டுத் தேய்த்து, ரப்பிங் காம்பவுண்டும் மெழுகும் இட வேண்டும். நிறத்தை, பொடி படிந்த பகுதியோடு ஒப்பிடாமல், தேய்த்து மெருகேற்றிய பகுதியோடு ஒப்பிட்டு முன்கூட்டியே தேர்ந்திருப்பது நலம். தேய்க்கும்போது அடியிலுள்ள இழையின் நிழல் தெரியத் தொடங்கினால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். அவ்விடத்துக்குப் புதிய ஜெல்கோட் பூசியே ஆக வேண்டும்.