காப்பகத்திலிருந்து எல்.கே.ஜி.க்கு: மாற்றத்துக்கு முன் வீட்டில் செய்ய வேண்டியவை

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் வட்டாரத்தில் வேலைக்குப் போகும் பெற்றோரின் பிள்ளைகள் பலர் மூன்று வயதுவரை காப்பகத்திலோ அங்கன்வாடியிலோ இருந்துவிட்டு, ஜூன் மாதத்தில் எல்.கே.ஜி. வகுப்பில் கொண்டுபோய் உட்கார வைக்கப்படுகிறார்கள். அதற்கு முன் பிள்ளைக்கு அ, ஆ தெரிய வேண்டும், பத்து வரை எண்ணத் தெரிய வேண்டும் என்று வீட்டார் பதறுகிறார்கள். அவற்றைப் பள்ளியே கற்றுக்கொடுக்கும். வீட்டில் பழக்க வேண்டியது, தனக்கு வேண்டியதை வாய்விட்டுக் கேட்கும் பழக்கத்தைத்தான். காப்பகத்தில் குழந்தை கால்களை ஒடுக்கிக்கொண்டு நின்றாலே பார்த்துக்கொள்ளும் அக்காவுக்குப் புரிந்துவிடும். இருபது, முப்பது பிள்ளைகளை வைத்திருக்கும் மிஸ்ஸுக்குப் பிள்ளை கேட்டால்தான் தெரியும்.

ஆகவே ஏப்ரல், மே மாதங்களில், குழந்தை கேட்பதற்கு முன்பே தண்ணீரை நீட்டுவதை நிறுத்திவிடுங்கள். ‘தண்ணி வேணும்’, ‘இதத் திறக்க வரல’, ‘மிஸ், ஒண்ணுக்கு வருது’ என்ற மூன்றையும் அவன் தயங்காமல் சொல்ல வேண்டும். வீட்டில் இருப்பவர்களுக்கு அவனுடைய மழலை அத்துபடி என்பதால், அவர்களிடம் கேட்பது பயிற்சியாகாது. பக்கத்து வீட்டு ஆச்சியிடமோ தெருமுனைக் கடைக்காரரிடமோ அவனே கேட்டு வாங்கட்டும்; நீங்கள் பின்னால் நில்லுங்கள், எடுத்துக்கொடுக்காதீர்கள்.

காப்பகத்தை விட்டு வரும்போது, அங்கே பார்த்துக்கொண்டவரிடம் ஒரு பக்கம் அளவுக்கு எழுதி வாங்கி, புதிய மிஸ்ஸிடம் கொடுப்பது நல்லது. ‘மூச்சா’ என்றால் ஒன்றுக்கு, ‘மம்மு’ என்றால் சோறு, அழும்போது தூக்கினால் இன்னும் அழுவாள், தனியே விட்டால் தானே வருவாள், பால் குடித்த அரை மணி நேரத்தில் வெளிக்குப் போவாள், இடது கையில்தான் கரண்டி பிடிப்பாள். இப்படிப்பட்ட செய்திகள் சேர்க்கை விண்ணப்பத்தில் இடம்பெறுவதில்லை. ஆனால் முதல் வாரத்தில் மிஸ்ஸுக்கு உதவுபவை இவையே. உடல்நலக் குறைவோ ஒவ்வாமையோ இருந்தால் அதை மட்டும் தனித்தாளில், மருந்தின் பெயரோடு எழுதிக் கொடுங்கள்.

அடுத்த சிக்கல் மதியத் தூக்கம். காப்பகத்தில் ஒரு மணிக்குப் படுத்து மூன்று மணிக்கு எழுந்து பழகிய பிள்ளை, பள்ளியில் அதே நேரத்தில் மேசையில் சாய்ந்து சிணுங்கும். 3 முதல் 5 வயது வரை ஒரு நாளில் 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் தேவைப்படுகிறது என்பதால், மதியத்தில் குறைப்பதை இரவில் கூட்டியாக வேண்டும். கோடை விடுமுறையில் ஐயா (தாத்தா) வீட்டுக்குப் போனால், வெயிலுக்கு ஒதுங்கிய குளிர்ந்த கூடத்து ஆத்தங்குடி ஓடு பதித்த தரையில் குழந்தை நான்கு மணிவரை தூங்கும். பிறகு இரவு பத்து மணிக்கும் கண் மூடாது. பள்ளி திறப்பதற்கு மூன்று வாரங்களுக்கு முன்பிருந்தே, மதியத் தூக்கத்திலிருந்து சில நாளுக்கொரு முறை பத்துப் பதினைந்து நிமிடம் முன்னதாக எழுப்பி, இரவில் எட்டரைக்குப் படுக்க வையுங்கள். பெரியவர்கள் மனத்தாங்கல் படுவார்கள், பரவாயில்லை.

டிபன் டப்பாவைக் குழந்தையே திறந்து மூட வேண்டும், எனவே கிளிப் இறுக்கமாக உள்ள டப்பாவை வாங்காதீர்கள். கையால் எடுத்துத் தின்னக்கூடிய குழிப்பணியாரம், சிறு இட்லி, வாழைப்பழம் போன்றவை முதல் மாதத்துக்குப் போதும். முழு வேர்க்கடலையையும் சீடையையும் கொடுத்துவிடாதீர்கள். அவை இந்த வயதில் தொண்டையில் சிக்கக்கூடியவை. கால்சட்டை எலாஸ்டிக் வைத்ததாக இருக்கட்டும். பள்ளியைப் பார்க்கப் போகும் நாளில் கழிப்பறையையும் குழந்தைக்குக் காட்டிவிடுங்கள்.

தாய்வீட்டில் பிரசவம் நடந்திருந்தால் பிறப்புச் சான்றிதழ் அந்த ஊரில்தான் பதிவாகியிருக்கும். அதில் குழந்தையின் பெயர் ஏறியிருக்கிறதா என்பதை இப்போதே பாருங்கள். 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டப்படி, சிறுபான்மையினர் நடத்தாத தனியார் பள்ளிகளில் நுழைவு வகுப்பின் 25 விழுக்காடு இடங்கள் நலிந்த, வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினருக்கு உரியவை, அதில் எல்.கே.ஜி. சேர ஜூலை 31 அன்று 3 வயது நிறைந்திருக்க வேண்டும். தனியார் பள்ளிதான் வேண்டும் என்பதில்லை: அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இயங்கும் 2,381 அங்கன்வாடி மையங்களில் 2019 முதல் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கப்பட்டன. அப்படியொரு மையத்துக்கு ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கும் பிள்ளைக்கு, வளாகமும் முகங்களும் பழகியவையாக இருப்பதால் பாதி வேலை மிச்சம்.

பள்ளி தொடங்கிய பிறகு, கொண்டுபோய் விடுபவர் ஒருவராகவே இருக்கட்டும், அவர் கண்ணீர் விடாதவராகவும் இருக்கட்டும். எங்கள் பக்கத்தில் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பிள்ளையைவிட அதிகமாக அழுபவர் ஆயாதான் (பாட்டி) என்பதால், பெரும்பாலும் அப்பச்சியை (அப்பாவை) அனுப்புவதே உத்தமம். கண்மறைவாக நழுவிவிடக் கூடாது. ‘மதியம் நீ சாப்பிட்டு முடிச்சதும் வருவேன்’ என்று குழந்தைக்கு விளங்கும் கணக்கில் சொல்லி, சொன்ன நேரத்தில் போய் நிற்க வேண்டும். முதல் சில வாரங்கள் வேனில் விடாதீர்கள். பிறகு விடும்போது, வண்டியில் உதவியாளர் இருக்கிறாரா என்று பாருங்கள். பள்ளி வாகனங்களுக்கான தமிழ்நாட்டின் 2012ஆம் ஆண்டுச் சிறப்பு விதிகளே அதைக் கட்டாயமாக்குகின்றன. வைகாசி, ஆனி முகூர்த்தங்கள் இதே நாட்களில்தான் வந்து நிற்கும். இரண்டாம் வாரத்தில் மூன்று நாள் கல்யாணத்துக்கு அழைத்துப் போனால், திங்கட்கிழமை அழுகை முதலிலிருந்து தொடங்கும்.

வகுப்பு பன்னிரண்டரைக்கே முடிந்துவிடும் பள்ளிகளில், பிற்பகலுக்குப் பழைய காப்பகத்தையே சில மாதம் தொடருங்கள். இரண்டு இடத்தையும் ஒரே நேரத்தில் மாற்றுவது குழந்தைக்குப் பெரிய சுமை. இந்நாட்களில் படுக்கையை நனைப்பதும் சட்டென்று கோபப்படுவதும் இயல்பு. ஆனால் ஒரு மாதத்துக்கு மேலும் அவை குறையாமல், சாப்பாடும் விளையாட்டும் குறைந்துகொண்டே போனால் மிஸ்ஸிடமும் குழந்தை மருத்துவரிடமும் பேசுங்கள். ஜூனில் ஆயத்தமாகாத பிள்ளையை வற்புறுத்தத் தேவையில்லை. பல பள்ளிகளில் விஜயதசமி அன்றும் சேர்க்கை நடக்கிறது. அதற்குள் மற்றப் பிள்ளைகளின் அழுகை ஓய்ந்திருக்கும் என்பதால், புதிதாக வருபவனைக் கவனிக்க மிஸ்ஸுக்கும் நேரம் கிடைக்கும்.