எண்களைக் கூறு போடக் கற்பித்தல்

சென்னையின் தெருவோரச் சந்தைகளில் எலுமிச்சம்பழத்தையும் மாங்காயையும் சாக்கின் மேல் கூறு கூறாகப் போட்டு விற்பதைப் பார்த்து வளரும் குழந்தைக்கு, ஒரு குவியலைப் பலவாகப் பிரிக்கலாம் என்பதைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. எப்படிப் பிரித்தாலும் மொத்தம் மாறாது என்பதைத்தான் சொல்லித்தர வேண்டும். ஐந்து வயதுக் குழந்தைகளில் பலர், புளியங்கொட்டைகளை அகலப் பரப்பி வைத்தாலே எண்ணிக்கை கூடிவிட்டதாக நம்புவார்கள்.

வீட்டில் பல்லாங்குழிப் பலகை இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லையெனில் சிறு கிண்ணங்கள் போதும். ஏழு புளியங்கொட்டைகளைக் குழந்தையிடம் கொடுத்து, இரண்டு கிண்ணங்களில் விருப்பம்போல் போடச் சொல்லுங்கள். "நாலும் மூணும் ஏழு" என்று அது வாயால் சொல்லட்டும். கூட்டல் குறியை இப்போதைக்கு எழுத வேண்டாம். பிறகு ஒவ்வொரு கொட்டையாக இடம் மாற்றினால் ஐந்தும் இரண்டும், ஆறும் ஒன்றும் என நகர்ந்து, ஏழும் வெறுங்கிண்ணமும் என்று முடியும். இந்த வெறுங்கிண்ணத்தைத் தாண்டிப் போய்விடாதீர்கள்; சுழியத்தையும் ஒரு பங்காக எண்ணலாம் என்பது குழந்தைக்கு இங்கேதான் புரிகிறது. அடுத்து, ஒரு கிண்ணத்தைக் கையால் மூடி, திறந்திருப்பதைப் பார்த்து மூடியிருப்பதைச் சொல்லச் செய்யுங்கள். விரல் விடாமல் விடை வரும்வரை, சில நாட்கள் ஆனாலும், இதிலேயே நில்லுங்கள்.

மூன்று பங்குகளுக்குப் போகும்போதுதான் பெரும்பாலோர் தவறுகிறோம். மூன்று கிண்ணங்களை ஒரே நேரத்தில் வைத்தால், குழந்தை கொட்டைகளை மனம்போல் இறைத்துவிட்டுப் பின்னர் எண்ணிப் பார்க்கிறதே தவிர, பிரிப்பதில்லை. மாறாக, ஏழை நான்கும் மூன்றுமாகப் பிரித்த பின், நான்கைத் தொடாமல் வைத்துவிட்டு, மூன்றை மட்டும் இரண்டும் ஒன்றுமாகப் பிரிக்கச் சொல்லுங்கள். முன்பே தெரிந்த இரு பங்கு வேலையைத்தான் மறுபடி செய்கிறோம் என்று குழந்தை கண்டுகொண்டால், நான்கு பங்கோ ஐந்து பங்கோ அதற்கு மலைப்பாக இராது.

எந்தக் கிண்ணமும் காலியாக இல்லாமல் ஏழை எத்தனை வகையில் மூன்றாக்கலாம் என்று பிறகு கேட்கலாம். ஒன்று, இரண்டு, நான்கு என்பது வேறு வகை என்று குழந்தை வாதிடும். மறுத்துப் பேசாமல், கிண்ணங்களை இடம் மாற்றிக் காட்டினால் போதும். பெரிய பங்கிலிருந்து தொடங்கினால் எதுவும் விடுபடாது: 5, 1, 1; 4, 2, 1; 3, 3, 1; 3, 2, 2. ஆக நான்கு வகைகள்.

இது சின்னப் பிள்ளைகளின் விளையாட்டு மட்டுமன்று. சென்னைத் துறைமுக அலுவலகத்தில் எழுத்தராக இருந்த ராமானுஜன், ஓர் எண்ணை இப்படி எத்தனை வகையில் பிரிக்கலாம் என்பதற்கு மிக நெருக்கமான மதிப்பைத் தரும் சூத்திரத்தை ஆங்கிலேயக் கணித அறிஞர் ஹார்டியுடன் சேர்ந்து 1918-இல் வெளியிட்டார். பங்குகளின் எண்ணிக்கைக்கு வரம்பு வைக்காமல், பிரிக்காத எண்ணையும் ஒரு வகையாகக் கொண்டால், ஐந்துக்கு 7 வகைகள், பத்துக்கு 42, நூறுக்கு 19,05,69,292.

சில்லறையும் நல்ல கருவி. ஒரு ரூபாய், இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய் நாணயங்களைக் கொண்டு பத்து ரூபாயைப் பத்து வகைகளில் கொடுக்கலாம். அத்தனையையும் ஒரே மாலையில் கண்டுபிடிக்க வற்புறுத்த வேண்டாம்.

தாளுக்கு வரும்போது, 8 + 5 என்ற கணக்கில் ஐந்தை இரண்டும் மூன்றுமாகப் பிரித்து, எட்டைப் பத்தாக்கிக்கொள்ளக் குழந்தைக்குத் தானே தோன்றும். கழித்தலில் பயன் இன்னும் அதிகம். 52-இலிருந்து 27-ஐக் கழிக்க, "பக்கத்து வீட்டில் கடன் வாங்கு" என்று சொல்லித்தருவது நம் வழக்கம். திருப்பித் தராத அந்தக் கடன் எனக்கு என்றுமே பிடித்ததில்லை. 52 என்பது 50-உம் 2-உம் மட்டுமன்று, 40-உம் 12-உம்கூட என்று அறிந்த குழந்தை, 40-இலிருந்து 20-ஐயும் 12-இலிருந்து 7-ஐயும் எடுத்துவிட்டு, யாரிடமும் கடன் கேட்காமல் 25 என்று எழுதும்.