தலைக்கவசம் தலைக்குப் பொருந்த வேண்டும்: அளவு பார்த்து வாங்கும் முறை

ஐந்து ஆண்டுகளுக்கு முன், ஆனி மாத மழையில், பர்மாவின் முடோனிலிருந்து மோல்மீனுக்குத் திரும்பும் வழியில் சாலையோரச் செம்மண்ணில் மோட்டார் சைக்கிளின் சக்கரம் வழுக்கி விழுந்தேன். பெரிய வேகம் ஒன்றும் இல்லை. ஆயினும் என் தலை தரையைத் தொடுவதற்கு முன்பே தலைக்கவசம் கழன்று வாய்க்கால் வரை உருண்டு போயிருந்தது. நெற்றியில் ஏழு தையல் போட வேண்டியதாயிற்று. பிறகு அதைத் தேடி எடுத்துப் பார்த்தபோது தாடைப்பட்டை பூட்டியது பூட்டியபடியே இருந்தது. கடையில் எடுத்துக் கொடுத்ததைத் தலையில் ஒரு முறை கவிழ்த்துப் பார்த்து, வலிக்கவில்லை என்பதையே பொருத்தம் என்று எண்ணிப் பணம் கொடுத்துவிட்டு வந்த பிழை என்னுடையது. அன்று முதல் நம் வீட்டார், உறவினர், கோயிலுக்குச் சேர்ந்து போகும் நண்பர்கள் என்று யார் தலைக்கவசம் வாங்கினாலும் உடன் போய் அளவு பார்ப்பதை வழக்கமாக வைத்திருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் கற்றவற்றையே இங்கே எழுதுகிறேன்.

தலைக்கவசம் உயிரிழப்பு வாய்ப்பை ஏறத்தாழ 42 விழுக்காடும் தலைக்காயத்தை ஏறத்தாழ 69 விழுக்காடும் குறைக்கிறது என்று 2008ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு கணக்கிட்டது. ஆனால் மோதும் கணத்தில் தலையிலேயே நிற்கும் கவசத்தால்தான் இந்தப் பலனை முழுமையாகத் தர முடியும். வெளியே பளபளக்கும் ஓடுதான் நம்மைக் காக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் பெரும்பாலான வேலையைச் செய்வது, துணிக்கு அடியில் ஒரு அங்குலக் கனத்துக்கு இருக்கும் கெட்டியான தெர்மாகோல் படலமே. 1953ஆம் ஆண்டு அமெரிக்காவின் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சார்லஸ் லொம்பார்டு என்பவர் அதிர்ச்சியை உள்வாங்கும் இத்தகைய உட்படலத்துக்குக் காப்புரிமை பெற்றார்; இன்றைய கவசங்களும் அதே கருத்தில்தான் இயங்குகின்றன. அடிபடும்போது அந்தப் படலம் நசுங்குகிறது, நசுங்குவதற்கு ஆகும் நேரத்தில் தலையின் வேகம் குறைகிறது. தலைக்கும் படலத்துக்கும் இடையே விரல் நுழையும் இடைவெளி இருந்தால், தலை முதலில் அந்த வெற்றிடத்தைக் கடந்து போய்ப் பிறகு படலத்தில் மோதும். அது போதாதென்று கவசமும் திரும்பிக்கொள்ளும், நகரும், கழன்றும் போகும்.

ஆகவே கடைக்குப் போவதற்கு முன் வீட்டிலேயே தலையை அளந்துகொள்ளுங்கள். தையற்காரர் பயன்படுத்தும் துணி டேப் போதும். அது இல்லாவிட்டால் நீளாத நூலைச் சுற்றி, பிறகு அளவுகோலில் வைத்துப் பார்க்கலாம். புருவத்துக்கு மேல் இரண்டரை சென்டிமீட்டர் உயரத்தில் தொடங்கி, காதுகளுக்குச் சற்று மேலாகச் சென்று, பின்மண்டை மிகவும் புடைத்திருக்கும் இடத்தைத் தொட்டுத் திரும்ப வேண்டும். மூன்று முறை அளந்து, வந்தவற்றுள் பெரிய அளவை எடுத்துக்கொள்ளுங்கள். பொதுவாக 55 முதல் 56 சென்டிமீட்டர் வரை இருந்தால் எஸ், 57 முதல் 58 வரை எம், 59 முதல் 60 வரை எல், 61 முதல் 62 வரை எக்ஸ்.எல். என்று குறிப்பார்கள். இது கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதால், ஒரு தயாரிப்பில் எம் அணிபவர் இன்னொன்றிலும் எம் என்று கேட்டு வாங்கி வந்துவிடக் கூடாது. அளவு இரண்டுக்கும் நடுவே வந்தால் முதலில் சிறியதைப் போட்டுப் பாருங்கள்.

சுற்றளவு ஒன்றாக இருந்தும் ஒருவருக்குப் பொருந்துவது மற்றவருக்குப் பொருந்தாமல் போவதற்குக் காரணம் தலையின் வடிவம். மேலிருந்து பார்த்தால் சிலருடைய தலை முன்னும் பின்னும் நீண்டிருக்கும், சிலருடையது உருண்டையாக இருக்கும், பலருடையது இரண்டுக்கும் இடைப்பட்டது. தலையை நனைத்து முடியைப் படிய வாரிக்கொண்டு, மேலிருந்து ஒரு புகைப்படம் எடுத்துத் தரச் சொன்னால் உங்களுடையது எது என்று தெரிந்துவிடும். கவசம் நெற்றியில் குத்தி, பக்கங்களில் வெற்றிடம் விட்டால், அது உங்கள் நீண்ட தலைக்கு மிகவும் உருண்டையானது. நெற்றிப்பொட்டுகள் இரண்டும் வலித்து நெற்றி மட்டும் தளர்வாக இருந்தால் நிலைமை நேர் எதிரானது. இந்தப் பொருந்தாமையைப் பெரிய அளவு வாங்கிச் சரிசெய்ய முயல்வதுதான் நான் காணும் மிகப் பரவலான தவறு. அளவை அப்படியே வைத்துக்கொண்டு வேறு மாடலைத்தான் தேட வேண்டும்.

சென்ற ஆண்டு என் அண்ணன் மகளைச் சந்தைக்கு அழைத்துச் சென்றிருந்தேன். முதல் கவசத்தைப் போட்டவுடனே, "சித்தப்பா, கன்னத்தப் பிடிக்குது, இதவிடப் பெருசா ஒண்ணு குடுக்கச் சொல்லுங்க" என்றாள். புதிய கவசம் கன்னத்தைப் பிடிக்கத்தான் வேண்டும் என்று சொல்லி, அதைக் கழற்ற விடாமல் அவளைச் சிரிக்கச் சொன்னேன். கன்னச் சதை சற்றே மேலே ஒதுங்கியது, பல் கடிபடவில்லை, பேச்சும் தெளிவாக வந்தது. பிறகு கவசத்தை இரு கைகளாலும் பிடித்து மெதுவாக இடமும் வலமும் திருப்பியபோது, கவசத்தோடு சேர்ந்து நெற்றித் தோலும் கன்னத் தோலும் நகர்ந்தன. கவசம் தோலின் மேல் வழுக்கி ஓடவில்லை. அந்த நகர்வைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும். கவசம் மட்டும் திரும்பித் தோல் நின்ற இடத்திலேயே நின்றால், அது எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் கீழே வைத்துவிடுங்கள். புதுப் பஞ்சு சில வாரங்களில் அமுங்கி இடம் கொடுக்கும் என்பதால், இன்று மெத்தென்று இதமாக இருப்பது விரைவிலேயே தளர்ந்து ஆடத் தொடங்கிவிடும்.

முழு முகத்தையும் மூடாத திறந்த வகையில் கன்னப் பஞ்சு குறைவாகவே இருக்கும். ஆதலால் நெற்றியும் பின்மண்டையும் சரியாகப் பிடிக்கின்றனவா என்பதை அங்கே இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். எந்த வகையாயினும் முன்விளிம்பு புருவத்துக்கு மேல் ஏறத்தாழ இரண்டு விரல் உயரத்தில், தரைக்கு இணையாக நிற்க வேண்டும். வெயிலுக்குத் தொப்பியைப் பின்னுக்குத் தள்ளிக்கொள்வதுபோல் கவசத்தைப் பின்னுக்குத் தள்ளி அணிபவர்களின் நெற்றிக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை. என் விருப்பம் கேட்டால், வெயில் எவ்வளவு கடுமையாக இருந்தாலும் தாடையையும் மூடும் முழுக் கவசத்தையே சொல்வேன், ஏனெனில் விழும்போது முகமும் தாடையும் அடிக்கடி தரையில் மோதுகின்றன.

அடுத்ததாகக் கழலும் சோதனை. இதைச் செய்யாமல் யாரும் பணம் கொடுக்கக் கூடாது. தாடைப்பட்டையைப் பூட்டிக்கொள்ளுங்கள். தாடைக்கும் பட்டைக்கும் இடையில் இரண்டு விரல் இறுக்கமாக நுழையலாம், அதற்கு மேல் இடம் இருக்கக் கூடாது. இப்போது உடன் வந்தவர் உங்கள் பின்னால் நின்று, கழுத்துக்கு மேலுள்ள பின்விளிம்பை இரு கைகளாலும் பற்றி மேலே தூக்கி முன்னால் உருட்ட வேண்டும். கவசம் சற்றே அசையலாம். முன்விளிம்பு கண்ணை மறைக்கும் அளவுக்கு இறங்கினாலோ பின்மண்டை வெளியே தெரிந்தாலோ அது உங்களுக்கு உரியதன்று. நான் வாய்க்காலில் தேடி எடுத்த கவசத்தை வீட்டில் வைத்து இதே சோதனையைச் செய்து பார்த்தேன், ஒரே தள்ளில் மூக்கு வழியாக வெளியே வந்துவிட்டது. கடையில் ஒரு நிமிடம் செலவிட்டிருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

இவ்வளவும் சரியாக இருந்தால், அணிந்தபடியே கடையில் இருபது நிமிடம் நில்லுங்கள் அல்லது உட்காருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் கவலை வேண்டாம். சில ஆண்டுகளுக்கு நீங்கள் அணியப்போகும் பொருள் அது. கழற்றியவுடன் நெற்றியைக் கண்ணாடியில் பாருங்கள். பரவலாக லேசான சிவப்பு இருப்பது இயல்பு. ஒரே இடத்தில் காசளவு அழுத்தமான சிவப்பும் வலியும் இருந்தால், அரை மணி நேரப் பயணத்தில் அது தலைவலியாகும், பிறகு நீங்களே கவசத்தைக் கழற்றிக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு ஓட்டத் தொடங்குவீர்கள்.

வீட்டுக்கு வந்தபின் பஞ்சு உண்மையில் எங்கே படுகிறது என்று அறிய, நம் ஊர்ப் பெண்கள் எல்லாருக்கும் கைவசம் உள்ள ஒரு வழி இருக்கிறது. கன்னங்களில் பூசிய தனாக்கா என்னும் மரப்பட்டைச் சாந்து சற்று ஈரமாக இருக்கும்போதே கவசத்தை நேராக அணிந்து, உடனே நேராகக் கழற்றிப் பாருங்கள். கறுப்புத் துணியில் மஞ்சள் தடம் இரு கன்னப் பஞ்சுகளிலும் மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக இருக்க வேண்டும். அண்ணன் மகளின் கவசத்தில் வலப்பக்கத் தடம் பாதியோடு நின்றிருந்தது. பஞ்சைப் பிரித்துப் பார்த்தால், உள்ளே ஒரு பொத்தான் சரியாகப் பூட்டப்படாமல் மடிந்து கிடந்தது. அதை அழுத்திப் பூட்டியதும் தடம் முழுமையாயிற்று. தனாக்காவைத் துணியிலிருந்து துடைக்க ஈரத்துணியே போதும்.

பெண்கள் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். உயர்த்திப் போட்ட கொண்டையின் மேல் எந்தத் தலைக்கவசமும் சரியாக உட்காராது. கொண்டையைக் கழுத்தருகே தாழ்த்திக்கொள்ளுங்கள் அல்லது பின்னிவிடுங்கள். பூவையும் ஊசியையும் கவசத்துக்குள் வைத்துக்கொள்ளாமல், போய்ச் சேர்ந்தபின் சூடிக்கொள்ளுங்கள். கொண்டைக்கு இடம் வேண்டும் என்று ஒரு அளவு பெரியதை வாங்குவது தலையைக் காக்காமல் கொண்டையைக் காப்பதாகும். மூக்குக்கண்ணாடி அணிபவர்கள் அதைக் கையோடு கடைக்குக் கொண்டுபோய், கவசம் அணிந்தபின் அதன் காம்பு நெற்றிப்பொட்டை அழுத்தாமல் நுழைகிறதா என்று பார்க்க வேண்டும்.

பின்னால் உட்காருபவரின் நிலைதான் என்னை மிகவும் வருத்துகிறது. கேரி என்று நாம் சொல்லும் வாடகை வண்டிக்காரரிடம் இருக்கும் ஒற்றைக் கவசம் அன்று ஏறும் அத்தனை பேரின் தலைக்கும் மாறி மாறிப் போகிறது. அது பெரும்பாலும் யாருக்குமே பொருந்துவதில்லை. யாங்கூனில் 2003 முதல் மோட்டார் சைக்கிளுக்கு நெடுங்காலம் தடை இருந்து வந்ததால், அங்கிருந்து திருவிழாவுக்கு வரும் உறவினர் பலருக்குச் சொந்தக் கவசமே கிடையாது. வீட்டில் எம் ஒன்றும் எல் ஒன்றும் விருந்தினருக்கென்று வைத்திருந்தால், வந்தவரின் தலைக்கு ஏற்றதைக் கொடுக்கலாம். நாள்தோறும் கேரியில் போகிறவர்கள் தங்கள் கவசத்தைக் கையோடு கொண்டுபோவது நல்லது. குழந்தைகளுக்கோ, வளரும் பிள்ளை என்று பாவாடை சட்டையை இரண்டு பிடி பெரிதாகத் தைப்பதுபோல் தலைக்கவசத்தைப் பெரிதாக வாங்கக் கூடாது. பெரிய கவசம் சின்னக் கழுத்துக்குச் சுமையாவதுடன் விழும்போது முதலில் கழன்று போவதும் அதுவே. அன்றைய தலைக்கு அன்றைய அளவு, வளர்ந்தால் வேறு.

பொருத்தம் பார்ப்பதற்கு முன்பே, கையிலிருப்பது உண்மையான தலைக்கவசமா என்றும் பார்த்துவிட வேண்டும். உட்துணியை விரலால் அழுத்தினால் கெட்டியான தெர்மாகோல் தட்டுப்பட வேண்டும். மெல்லிய பஞ்சும் உடனே பிளாஸ்டிக்கும் தட்டுப்பட்டால் அது வெறும் தொப்பி. எல்லை கடந்து வரும் தாய்லாந்துக் கவசங்களில் டி.ஐ.எஸ். 369 என்ற தர எண்ணும், சீனக் கவசங்களில் ஜி.பி. 811 என்பதும், ஐரோப்பியத் தரத்துக்கு உட்பட்டவற்றில் வட்டத்துக்குள் 'ஈ' என்ற ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். ஒட்டுத்தாளை மட்டும் நம்பாமல், உட்புறத்திலோ பட்டையிலோ தைத்த அடையாளத்தையும் தயாரித்த மாதத்தையும் தேடிப் பாருங்கள்.

நம் ஊரில் ஏறத்தாழ ஐந்து மாத மழை. நனைந்த உட்துணியோடு கவசத்தை மூலையில் வைத்தால் பூஞ்சை பிடித்துப் பஞ்சு நைந்துவிடும், பொருத்தமும் அதோடு போய்விடும். கழற்றக்கூடிய உட்துணியை ஷாம்பூ கலந்த தண்ணீரில் அலசி, மின்விசிறிக் காற்றில் உலர்த்துங்கள். பெட்ரோல், மண்ணெண்ணெய், தின்னர் ஆகியவை தெர்மாகோலைக் கரைத்துவிடும், ஆகவே எண்ணெய்க் கறையைத் துடைக்கக்கூட அவற்றைத் தொடாதீர்கள். வண்டியின் கண்ணாடிக் கம்பியில் மாட்டி வைப்பதும் அந்தப் படலத்தில் பள்ளம் விழச் செய்யும்.

தினமும் அணிந்தால் ஐந்து ஆண்டுகளில் மாற்றிவிட வேண்டும் என்பது தலைக்கவசங்களைச் சோதித்துத் தரம் வகுக்கும், 1957இல் தொடங்கப்பட்ட அமெரிக்காவின் ஸ்நெல் அறக்கட்டளையின் பரிந்துரை. பஞ்சு அமுங்கிக் கழலும் சோதனையில் தோற்றால் அதற்கு முன்பே மாற்றுங்கள். தலையோடு ஒரு முறை அடிபட்ட கவசத்தை, வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும், மறுபடி அணியக் கூடாது. உள்ளே நசுங்கிய படலம் மீண்டும் எழுவதில்லை. அத்தகையதை முழுதாகக் குப்பையில் போட்டால் யாராவது எடுத்துத் துடைத்துத் தம் பிள்ளைக்குப் போட்டுவிடுவார்கள். ஆதலால் போடுவதற்கு முன் தாடைப்பட்டைகள் இரண்டையும் கத்தரிக்கோலால் வேரோடு வெட்டிவிடுங்கள்.