டிஜிட்டல் கேமராவுக்குக் கைகாவலாக ஒரு ஃபிலிம் பாடி: தொடக்கநிலையாளர்கள் தேர்வு செய்வது எப்படி?

ஃபிலிம் கேமரா வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் பாடியின், அதாவது லென்ஸ் நீங்கலான கேமரா உடலின், அழகைப் பார்த்துத்தான் தேட ஆரம்பிக்கிறார்கள். பார்க்க வேண்டியது உங்கள் பையில் ஏற்கெனவே இருக்கும் லென்ஸை. டிஜிட்டல் பாடி பாதி வேலையில் படுத்துவிட்டால், அதே லென்ஸைக் கழற்றி ஃபிலிம் பாடியில் மாட்டி அடுத்த படத்தை எடுக்க முடிய வேண்டும். தனக்கென்று தனி லென்ஸ் கேட்கும் பாடி கைகாவலுக்கு ஆகாது.

படி 1: லென்ஸின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள்

நிக்கானின் எஃப் மவுண்ட், அதாவது லென்ஸை மாட்டும் வாய், 1959இல் வந்தது. பழைய பாடியில் புது லென்ஸ் மாட்டும். மாட்டுவதாலேயே வேலை செய்யும் என்று நம்பிவிடாதீர்கள். ஜி வகை லென்ஸில் அப்பர்ச்சரை, அதாவது வெளிச்சம் நுழையும் துளையின் அளவை, மாற்றும் வளையம் இல்லை. அதை நிக்கான் எஃப்எம்2 போன்ற, எல்லாவற்றையும் கையால் வைக்கும் மேனுவல் பாடியில் போட்டால், ஒவ்வொரு படமும் ஆகச் சிறிய அப்பர்ச்சரில்தான் விழும். இ வகையில் அப்பர்ச்சர் மின்சாரத்தில் இயங்குகிறது. ஃபிலிம் பாடியில் அது முழுக்கத் திறந்தே இருக்கும். ஏஎஃப்-பி லென்ஸ் ஃபோகஸே ஆகாது. சிறிய சென்சாருக்கான டிஎக்ஸ் லென்ஸில் படத்தின் மூலைகள் கறுத்துப்போகும். வளையம் உள்ள 50 எம்எம் எஃப்/1.8டி லென்ஸ் ஒன்று இருந்தால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. ஆனால் டி3000, டி5000 வரிசை டிஜிட்டல் பாடிகளில் அதைக் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும்.

கேனானில் கணக்கு எளிது. 1987 முதல் வந்த எல்லா இஓஎஸ் ஃபிலிம் பாடியும் இஎஃப் லென்ஸை ஏற்கும். சிறிய சென்சாருக்கான இஎஃப்-எஸ் லென்ஸ் மாட்டவே மாட்டாது. மிரர்லெஸ் கேமராக்களுக்கான நிக்கான் இசட், கேனான் ஆர்எஃப் லென்ஸ்களுக்கு ஃபிலிம் பாடியே கிடையாது.

படி 2: பாடியை முடிவு செய்யுங்கள்

ஜி லென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு நிக்கான் எஃப்80 போதும். இரண்டு சிஆர்123ஏ பேட்டரி கேட்கும். பழைய மேனுவல் லென்ஸ் போட்டால் இதன் மீட்டர், அதாவது வெளிச்சத்தை அளக்கும் கருவி, வேலை செய்யாது. எஃப்100 அதைவிட உறுதி, மேனுவல் லென்ஸிலும் மீட்டர் உண்டு, நான்கு டபுள் ஏ பேட்டரியில் ஓடும். இந்தப் பேட்டரி எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும் என்பதே கைகாவல் கேமராவுக்குப் பெரிய பலம். வளையம் உள்ள லென்ஸ் இருந்தால் மட்டும் எஃப்எம்2 வாங்குங்கள். அதில் பேட்டரி தீர்ந்தால் மீட்டர்தான் போகும், ஷட்டர் 1/4000 நொடி வரை ஓடும்.

கேனானில் இஓஎஸ் 300 தொடங்குவதற்கு நல்லது. ரோலைப் போட்டதும் முழுவதையும் வெளியே இழுத்துக்கொண்டு, எடுத்த படங்களை ஒவ்வொன்றாக டப்பிக்குள் சுற்றும். தவறிப்போய்ப் பின்மூடி திறந்தாலும் எடுத்த படங்களில் பெரும்பாலானவை தப்பிக்கும்.

படி 3: பணம் கொடுக்கும் முன்

பேட்டரி அறையில், பேட்டரி கசிந்து படிந்த பச்சை, வெள்ளைப் பூச்சு இருக்கிறதா பாருங்கள். பின்மூடியைத் திறந்து, லென்ஸைக் கழற்றி, வெளிச்சமான வெள்ளைச் சுவரை நோக்கி 1/1000இல் பல முறை அழுத்துங்கள். செவ்வகம் முழுக்க ஒரே சீராக மின்ன வேண்டும். ஒரு ஓரம் இருண்டால் ஷட்டர் திரை இழுக்கிறது என்று பொருள். திரையை விரலால் தொடாதீர்கள்.

இஓஎஸ் 600 வரிசையில் ஷட்டர் அருகே உள்ள நுரை உருகித் திரையில் ஒட்டும் கோளாறு பரவலானது. கறுப்புப் பிசின் தெரிந்தால் வேண்டாம். நிக்கான் எஃப்90எக்ஸின் பின்மூடி பிசுபிசுப்பது அப்படியல்ல. ஐசோபுரப்பைல் ஆல்கஹாலால் துடைத்தால் போய்விடும். மூடி விளிம்பிலுள்ள கறுப்பு நுரை பொடிந்திருந்தால் வெளிச்சம் கசியும், மாற்றச் செலவு அதிகமில்லை.

படி 4: மீட்டரை ஒப்பிடுங்கள்

இதை யாரும் செய்வதில்லை. மிகவும் பயன்படுவது இதுதான். ஒரே லென்ஸ், ஐஎஸ்ஓ 400, எஃப்/8. நிழல் விழாத ஒரு சுவரை இரண்டு பாடியிலும் சட்டம் நிறையும்படி பாருங்கள். டிஜிட்டல் 1/125 சொல்ல, ஃபிலிம் பாடி 1/250 சொன்னால், அது ஒரு ஸ்டாப் குறைவாக, அதாவது பாதி, வெளிச்சம் கொடுக்கிறது. வெயிலிலும் நிழலிலும் அதே வித்தியாசம் வந்தால், ஐஎஸ்ஓவை 200 என்று வைத்துச் சரிக்கட்டலாம். வித்தியாசம் இடத்துக்கு இடம் மாறினால் அந்தப் பாடி வேண்டாம்.

படி 5: முதல் ரோல்

ஐஎஸ்ஓ 400 கலர் நெகட்டிவ் போடுங்கள். எஃப்எம்2வில் ஃபிலிமை நகர்த்தும் லீவரை இழுக்கும்போது இடப்பக்கத்து ரீவைண்ட் குமிழ் கூடவே சுழல வேண்டும். சுழலவில்லை என்றால் ஃபிலிம் பல்லில் மாட்டவில்லை. 36 படமும் வெற்றுதான். ஃபிலிமைத் தானே நகர்த்தும் மோட்டார் பாடியில், எண் காட்டியில் படத்தின் எண் ஒழுங்காகத் தெரிகிறதா பாருங்கள். ஐஎஸ்ஓவை எஃப்எம்2வில் கையால்தான் வைக்க வேண்டும், மறக்காதீர்கள்.

டிஜிட்டலில் வெளிச்சப் பகுதி வெளுக்காமலிருக்க வெளிச்சத்தைக் குறைத்து எடுத்துப் பழகியிருப்பீர்கள். நெகட்டிவில் அப்படி எடுத்தால் நிழல் பகுதி மணல்மணலாகி, சாம்பலாகிவிடும். சந்தேகம் வந்தால் ஒரு ஸ்டாப் கூட்டியே எடுங்கள். நெகட்டிவாக இல்லாமல் நேரடிப் படமாகவே வரும் ஸ்லைடு ஃபிலிமுக்கு மட்டும் டிஜிட்டல் பழக்கமே சரி.

கழுவி வந்த நெகட்டிவில் சட்டங்களின் இடைவெளி ஒரே அளவாக இருக்கிறதா, ஓரத்தில் வெளிச்சக் கோடு விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் சரியாக இருந்த பிறகே அந்தப் பாடியை முக்கியமான வேலைக்கு எடுத்துச் செல்லுங்கள்.