சேலத்திலிருந்து வடக்கே, பைபாஸை விட்டுவிட்டு: ஏற்காடு, அரூர், ஏலகிரி

சேலத்திலிருந்து வடக்கே வண்டியை எடுத்தால் ஸ்டியரிங் தானாகத் தொப்பூர் கணவாய்ப் பக்கம் திரும்பும். பெங்களூரில் வேலை இருந்தால் அதுதான் சரி. ஊர் பார்த்துப் போகிறவர்களுக்கு அந்த ரோட்டில் கிடைப்பது லாரியின் பின்பக்கம் மட்டும்தான். ஏற்காடு ஏறி, குப்பனூர் வழியாக இறங்கி, மஞ்சவாடிக் கணவாய், அரூர், ஊத்தங்கரை, திருப்பத்தூர் தாண்டி ஏலகிரியில் முடிப்பது நல்ல வழி. தீர்த்தமலைக் கோயிலுக்கு ஒதுங்குவதையும் சேர்த்து 200 கி.மீ.க்குக் கொஞ்சம் கூட வரும். இதை ஒரே நாளில் ஓட்டாதீர்கள், இரண்டு நாளாக்குங்கள்.

கிளம்புவதற்கு முதல் நாள் பிரேக் ஆயிலைப் பாருங்கள். மாற்றி இரண்டு வருஷம் தாண்டியிருந்தால் மாற்றிவிடுங்கள். அந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மலை இறக்கத்தில் சூடேறும்போது அந்த ஈரம் கொதித்துக் குமிழி விடும், பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். டயர் காற்றை வண்டி ஓடாமல் ஆறியிருக்கும்போது, டிரைவர் கதவோரம் ஒட்டியிருக்கும் அளவுப்படி பிடியுங்கள். ஓடிச் சூடான டயரில் அளவு கூடுதலாகக் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடக் கூடாது.

சேலத்தில் தட்டுவடை செட் வாங்கிப் போகிறவர்கள் தட்டுவடை, சட்னி, துருவிய கேரட், பீட்ரூட் எல்லாவற்றையும் தனித்தனியாகக் கட்டச் சொல்லுங்கள். கடையிலேயே சேர்த்துக் கட்டினால் அடிவாரம் போவதற்குள் நமத்துவிடும்.

ஏற்காடு ஏற்றத்தில் 20 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு முன்பே இரண்டாவது கியருக்கு வந்துவிடுங்கள், நடுவில் கியர் மாற்ற வேண்டாம். ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி. ஆனால் எதிரே பஸ் வந்தால் சட்டம் பேசாமல் ஒதுங்கி நில்லுங்கள், அதற்குத் திரும்ப முழு வளைவும் வேண்டும். இரவு ஏற்காட்டில் தங்கி, காலையில் சேர்வராயன் கோயிலைப் பார்த்துவிட்டு இறங்கலாம். பனிமூட்டம் இருந்தால் லோ பீமில் ஓட்டுங்கள். ஹை பீம் போட்டால் பனியில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பும்.

குப்பனூர் ரோட்டில் கூட்டம் குறைவு, அகலமும் குறைவு. இறங்கும்போதும் இரண்டாவது கியர்தான், ஆட்டோமேட்டிக் என்றால் எல் அல்லது மேனுவல். நியூட்ரலில் விட்டால் மிச்சமாகும் பெட்ரோல் ஒரு டீ காசுகூட வராது. பிரேக் தீய்ந்த வாடை வந்தால் அகலமான இடம் பார்த்து நிறுத்தி அரை மணி நேரம் ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றினால் டிஸ்க் வளைந்துவிடும். சூட்டோடு ஹேண்ட்பிரேக் போட்டால் ஒட்டிக்கொள்ளும், அதனால் கியரில் விட்டுச் சக்கரத்துக்குக் கல் கொடுங்கள். கிளம்பும்போது கல்லை ஓரமாகப் போட மறக்க வேண்டாம்.

மஞ்சவாடி தாண்டினால் வேறு நாடு. குச்சிக்கிழங்கு, மஞ்சள், கரும்புக் காடுகள். பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் ஒதுங்கினால் வாணியாறு அணை. நீங்கள் இறங்கி வந்த அதே சேர்வராயன் மலையின் வடசரிவுத் தண்ணீர்தான் அங்கே நிற்கிறது.

இந்த ரோடுகளில் ஆபத்து வேகத்தடையைவிட ரோட்டில் காயப்போட்ட கொள்ளுச் செடிதான். அறுவடை நேரத்தில் வண்டிகள் ஏறி மிதிக்கட்டும் என்று விரித்துவிடுவார்கள். காய்ந்த கொடி சக்கரத்தில் சுற்றி, வண்டிக்கு அடியில் சேர்ந்து, சைலன்சர் சூட்டில் புகைய ஆரம்பிக்கும். சுற்றிப் போக வழியில்லை என்றால் மெதுவாக, பிரேக் அடிக்காமல் தாண்டுங்கள், கொடி வழுக்கும். தாண்டியதும் நிறுத்தி அடியில் குனிந்து பாருங்கள். சிக்கியதை ஒரு குச்சியால் இழுத்துப் போட்டால் போதும். கரும்பு டிராக்டர்களில் பலவற்றுக்குப் பின்விளக்கு இருக்காது, ஆகவே இருட்டுவதற்குள் திருப்பத்தூர் சேர்ந்துவிடுவது நல்லது.

அரூரிலிருந்து தீர்த்தமலை சுமார் 16 கி.மீ. படி செங்குத்து, உச்சி வெயிலில் ஏற வேண்டாம். கையில் பிளாஸ்டிக் பை தெரிந்தால் குரங்கு விடாது, தோள்பையில் வையுங்கள். மேலே பாறை உச்சியிலிருந்து ராம தீர்த்தம் என்ற அருவி நூல் மாதிரி விழும். நனைய வேண்டுமென்றால் மாற்றுத்துணியும் கொண்டுபோங்கள். தென்பெண்ணைக் கரை அனுமன் தீர்த்தத்தில் முழுகிவிட்டு மலை ஏறுவதுதான் பழைய வழக்கம். ஆற்றில் தண்ணீர் எப்படி இருக்கிறது என்று ஊர்க்காரரிடம் கேட்காமல் இறங்காதீர்கள்.

ஊத்தங்கரை, திருப்பத்தூர் இரண்டிலும் சாப்பாடு, பெட்ரோல் பிரச்சினை இல்லை. ஏலகிரிக்கு 14 வளைவுகள். புலவர்கள், வள்ளல்கள் பெயர் எழுதியிருக்கும். பிள்ளைகளைப் படிக்கச் சொல்லிவிட்டு நீங்கள் ரோட்டைப் பாருங்கள்.

திரும்பும்போது அலுப்பில் கிருஷ்ணகிரி, தர்மபுரி வழியாக வருவீர்கள். அப்போது தொப்பூர் இறக்கமாக இருக்கும். பிரேக் சூடான லாரிகள் கட்டுப்பாடு இழப்பது இந்தத் திசையில்தான். கண்ணாடியில் லாரி பெரிதாகத் தெரிந்தால் இடப்பக்கம் ஒதுங்கி வழிவிடுங்கள். இரண்டு லாரிக்கு நடுவே மட்டும் மாட்டிக்கொள்ளாதீர்கள்.